வாசனை பாத் பாம் வீட்டில் செய்வது எப்படி: அளவு, பக்குவம், கெடும் இடங்கள்

கேள்வி இதுதான்: வீட்டில் பாத் பாம் (குளிக்கும் தொட்டித் தண்ணீரில் போட்டால் நுரைத்து மணத்தோடு கரையும் உருண்டை) செய்தால் ஒரு முறை அச்சுக்குள்ளேயே பொங்கி உப்பிவிடுகிறது. அடுத்த முறை கை பட்டாலே உதிர்கிறது. நன்றாக வந்தாலும் பத்து நாளில் வாசனை இருந்த இடம் தெரிவதில்லை. அளவில் எங்கே தவறு?

பெரும்பாலும் தவறு அளவில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. பாத் பாமுக்குப் பல செய்முறைகள் சுற்றிவருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் தண்ணீர் எந்தெந்த வழியில் உள்ளே வருகிறது என்று தெரியாமல் செய்தால் எந்தச் செய்முறையும் கைகொடுக்காது. அதனால் வினையை முதலில் பார்த்துவிடுவோம்.

சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் நன்றாகக் காய்ந்த நிலையில் ஒரே டப்பாவில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டுக் கரைந்தால்தான் ஒன்றோடொன்று வினைபுரியும். அப்போது மூன்று பொருள்கள் உண்டாகின்றன: சோடியம் சிட்ரேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர். நுரைத்துப் பொங்குவது கார்பன் டை ஆக்சைடு என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு துளி தண்ணீரில் வினை தொடங்கினால் அந்த வினையே மேலும் தண்ணீரைத் தரும், அது பக்கத்தில் இருக்கும் தூளைக் கரைக்கும், அங்கும் வினை தொடங்கும். கீழே தரும் அளவில் இருக்கும் 200 கிராம் சிட்ரிக் அமிலம் முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 56 கிராம் தண்ணீர் பிறக்கும். கிட்டத்தட்ட நாலு மேசைக்கரண்டி. நாம் வெளியிலிருந்து ஊற்றுவதோ இரண்டு தேக்கரண்டி ஆல்கஹால்தான். இரவு கெட்டியாக இருந்த உருண்டை காலையில் பூசணி போல் உப்பிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே: உள்ளே எங்கோ ஓர் இடத்தில் தொடங்கிய ஈரம் ராத்திரி முழுக்கத் தானாகவே பெருகியிருக்கிறது.

இனி விகிதம். கணக்குப்படி 252 கிராம் சமையல் சோடாவுக்கு 192 கிராம் நீரற்ற சிட்ரிக் அமிலம் சரியாகத் தீரும், அதாவது 1.3க்கு 1. ஆனாலும் நடைமுறையில் 2க்கு 1 என்றுதான் போடுகிறோம். மிஞ்சும் சோடா தொட்டித் தண்ணீரை இலேசான காரத்தன்மையில் வைக்கும், கையால் தடவினால் வழுவழுப்பாகத் தெரியும். அமிலம் மிஞ்சினால் தோலில் சிறு கீறல் இருந்தாலும் எரியும். அமிலம் கூடக்கூடக் காற்று ஈரத்தை இழுக்கும் போக்கும் கூடும், உருண்டை சீக்கிரம் கெடும். 2க்கு 1இல் கிடைக்கும் நுரையே தாராளம்: கீழே உள்ள முழு அளவும் கரைந்தால் அறை வெப்பத்தில் சுமார் 75 லிட்டர் வாயு, அதாவது உருண்டைக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல். நுரை போதவில்லை என்று அமிலத்தைக் கூட்டுகிறவர்கள் அநேகமாக ஏற்கெனவே பாதி வினை முடிந்துபோன உருண்டையைத் தண்ணீரில் போடுகிறார்கள். கூட்ட வேண்டியது அமிலத்தை அல்ல, உலர்ச்சியை.

பாத் பாமை இன்றைய வடிவத்தில் 1989இல் உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மோ கான்ஸ்டன்டைன், பின்னாளில் லஷ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் ஆல்கா-செல்ட்சர் மாத்திரையிலிருந்து வந்த யோசனை அது. மாத்திரையிலும் இதே சோடா, இதே அமிலம். அந்த மாத்திரைகளை ஈரம் புகாத உறையிலோ குழாயிலோ அடைத்து விற்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

6 சென்டிமீட்டர் விட்டமுள்ள அச்சில் ஐந்தோ ஆறோ உருண்டை வரும் அளவு:

சமையல் சோடா 400 கிராம்
நீரற்ற சிட்ரிக் அமிலம், நைஸ் தூள் 200 கிராம்
கார்ன் ஸ்டார்ச் 80 கிராம்
கயோலின் களிமண் 20 கிராம்
இனிப்பு பாதாம் எண்ணெய் அல்லது கோகோ பட்டர் 12 கிராம்
பாலிசார்பேட் 80 (எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைப்பது), 12 கிராம்
எசென்ஷியல் ஆயில் (செடிகளிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய்) அல்லது ஃபிராக்ரன்ஸ் ஆயில் (வாசனைக்கென்று கலந்து செய்த எண்ணெய்) 7 கிராம்
99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஸ்பிரே பாட்டிலில், தேவைக்கேற்ப 5 முதல் 10 மில்லிலிட்டர்

எல்லாவற்றையும் எடை போட்டே எடுங்கள், எண்ணெயையும் சேர்த்து. கோப்பைக் கணக்கு இதற்கு உதவாது. ஒரு கோப்பை சோடாவைத் தட்டி அமுக்கி அளப்பதற்கும் சலித்து அளப்பதற்கும் பெரிய வித்தியாசம் வரும். எண்ணெய்க்கும் வாசனைக்கும் 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு இருந்தால் நல்லது. துளிக்கணக்கு ஒவ்வொரு பாட்டில் மூடிக்கும் மாறும்.

வாங்கும்போது தவறக்கூடிய இடங்கள் சில உண்டு. சமையல் சோடா என்பது பேக்கிங் சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் முன்பே கலந்திருக்கும். சலவைச் சோடா அறவே கூடாது, அது கடுமையான காரம், தோலைப் புண்ணாக்கும்.

சிட்ரிக் அமிலம் இரண்டு வகையாக விற்பனைக்கு வருகிறது. ஒன்று நீரற்றது, மற்றது மோனோஹைட்ரேட். இரண்டாவதன் எடையில் 8.6 சதவீதம் தண்ணீர், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். 200 கிராம் எடுத்தால் 17 கிராம் தண்ணீரையும் சேர்த்தே எடுக்கிறீர்கள். அது உடனே வெளியே வராதுதான். சூடு பட்டால் வரும். பொட்டலத்தில் எந்த வகை என்று எழுதாவிட்டால் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிகம் சர்க்கரை போல் பெரிதாக இருந்தால் மிக்ஸியில் ஓட்டிச் சலிக்கலாம். ஆனால் அந்தத் தூசி மூக்கிலும் கண்ணிலும் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும், மூடியை உடனே திறக்காமல் இரண்டு நிமிடம் அடங்க விடுங்கள். பெரிய படிகத்தை அப்படியே போட்டால் உருண்டை சொரசொரப்பாகும், தொட்டியில் அடியில் உட்கார்ந்தால் காலில் குத்தும்.

கார்ன் ஸ்டார்ச் என்பது வெள்ளை வெளேர் என்று, விரலில் தேய்த்தால் நறநறக்கும் மாவு. மஞ்சள் நிற மக்காச்சோள மாவு அல்ல. இது வினையின் வேகத்தைக் குறைத்து நுரையை நீட்டும். கயோலின் உருண்டையைக் கெட்டியாக்கும், வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அந்த 20 கிராமையும் ஸ்டார்ச்சாகவே போடுங்கள்.

எப்சம் உப்பு பல செய்முறைகளில் இருக்கும். இதில் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அந்த உப்பின் எடையில் பாதிக்குச் சற்று மேல், 51 சதவீதம், தண்ணீர். தொட்டால் உலர்ந்த உப்பு மாதிரிதான் இருக்கும், வெதுவெதுப்பு பட்டால் அதில் கொஞ்சத்தை விட்டுவிடும். காரணமே தெரியாமல் உருண்டையில் பரு பருவாகப் புடைக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குளிக்கும் தண்ணீரில் எப்சம் உப்பு வேண்டுமென்றால் தனியாக ஒரு கைப்பிடி போட்டுக்கொள்ளலாம். உருண்டைக்குள் அதற்கு வேலை இல்லை.

ஆல்கஹால் விஷயத்திலும் சதவீதத்தைப் பாருங்கள். 99 சதவீதம் சிறந்தது, 91 பரவாயில்லை. 70 சதவீத ஆல்கஹாலில் மீதி 30 தண்ணீர்தான். இயற்கையானது என்று பலர் எடுக்கும் விட்ச் ஹேசல் என்ற செடியின் வடிநீரில் பெரும்பகுதி தண்ணீர், பழகாத கைக்கு அது வேண்டாம். ஆல்கஹாலின் வேலை தூளை நனைத்து ஒட்ட வைத்துவிட்டு ஆவியாகிப் போவது மட்டும்தான். ஐசோபுரொப்பைல் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே மழை என்றால் அந்த நாளில் செய்யாமல் இருப்பதே மேல். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்போது செய்தால் நிம்மதி. 60ஐத் தாண்டினால் ஏசி போட்ட அறையோ ஈரம் உறிஞ்சும் கருவியோ இல்லாமல் தொடங்காதீர்கள்.

செய்முறைக்கு வருவோம். பாத்திரம், விஸ்க் (கம்பிக் கலக்கி), சல்லடை, அச்சு எல்லாம் சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். கழுவித் துடைத்தால் போதாது, முந்தின நாளே கழுவிக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள். அமிலத்துக்காக மட்டும் இல்லை, உள்ளங்கை வியர்வையும் ஈரம்தானே.

சோடாவில் கட்டி இருக்கும், அதைச் சல்லடையில் விரலால் தேய்த்துச் சலியுங்கள். ஸ்டார்ச், கயோலின் சேர்த்து இன்னொரு முறை சலியுங்கள். சிட்ரிக் அமிலத்தை இப்போது சேர்க்கக் கூடாது, தனியாக வைத்துவிடுங்கள். ஒரு சிறு கிண்ணத்தில் எண்ணெய், பாலிசார்பேட், வாசனை மூன்றையும் கலக்குங்கள். கோகோ பட்டர் என்றால் முதலில் உருக்கிக்கொள்ளுங்கள். 34 முதல் 38 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், வெந்நீரின் மேல் கிண்ணத்தை ஒரு நிமிடம் வைத்தால் போதும். ஆனால் அந்த நீராவி கிண்ணத்தின் உள்ளே படியக் கூடாது. உருகியதைச் சற்று ஆறவிட்டு வாசனையைச் சேருங்கள், சூட்டில் ஊற்றினால் பாதி வாசனை அறையிலேயே போய்விடும்.

இந்தக் கலவையைச் சோடா மாவின் மேல் நூல் போல் ஊற்றியபடி விஸ்க்கால் கிளறி, பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அள்ளித் தேய்த்துப் பிசறுங்கள். நாலைந்து நிமிடம் ஆகும். எண்ணெய்க் கட்டி ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது, இருந்தால் அந்த இடம் உருண்டையில் எண்ணெய்ப் புள்ளியாகத் தெரியும். அதன் பிறகுதான் சிட்ரிக் அமிலம். கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எண்ணெயிலோ வாசனையிலோ பாலிசார்பேட்டிலோ கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது சோடாவோடு மட்டும் சேர்கிறது, அமிலம் இல்லாததால் எதுவும் நடக்காது. மேலும் சோடாவின் துகள்மேல் எண்ணெய் மெல்லிய போர்வையாகப் படிந்துவிடுவதால் அமிலம் வந்த பிறகும் வினை சட்டென்று கிளம்பாது.

இப்போது ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சில தடவை எண்ணெயே போதுமானதாக இருக்கும், ஆல்கஹால் தேவைப்படாது. பிடிபடவில்லை என்றால் இரண்டு மூன்று முறை ஸ்பிரே அடித்து உடனே கிளறுங்கள், மறுபடி பிடித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் அடிக்காதீர்கள். காதைக் கொஞ்சம் அருகில் கொண்டுபோய்க் கேளுங்கள்: மெல்லிய சிரசிரப்பு கேட்டால் உள்ளே வினை தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே வேகமாகக் கிளறிப் பரப்பி, ஒரு தேக்கரண்டி ஸ்டார்ச்சும் தூவினால் அநேகமாக அடங்கும்.

சரியான பக்குவம் எது என்பதற்கு ஒரு சோதனை. கைப்பிடியில் இறுக்கிய கட்டியை ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பாத்திரத்தில் விடுங்கள். இரண்டு மூன்று துண்டாகப் பிளந்தால் சரி. தூளாகச் சிதறினால் காய்வு. பிளக்காமல் தொப்பென்று உட்கார்ந்து, கையில் விரல் ரேகை அச்சாகப் பதிந்து பளபளத்தால் ஈரம் கூடிவிட்டது. கூடிய ஈரத்தைக் குறைக்க ஸ்டார்ச்சைத்தான் சேர்க்க முடியும், அதனால் காய்வுப் பக்கமே நின்று மெல்ல ஏறுங்கள்.

அச்சில் நிரப்புவதில்தான் பெரும்பாலான உருண்டைகள் இரண்டாகப் பிளக்கின்றன. அச்சின் இரண்டு பாதிக் கோளத்தையும் கலவையில் அமிழ்த்தி அள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் மேலே சிறு குன்று போல் நிற்கட்டும். உள்ளே கட்டை விரலால் அமுக்கக் கூடாது. அமுக்கினால் ஒவ்வொரு பாதியும் தனித்தனிக் கட்டியாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டு குன்றுகளும் தளர்வாக இருக்கும்போதே நேருக்கு நேர் வைத்து, திருகாமல், ஒரே சீராக அழுத்தி மூடுங்கள். விளிம்பில் கொஞ்சம் தூள் பிதுங்கி விழ வேண்டும். அது விழாவிட்டால் போட்டது குறைவு. அச்சை ஒரு கரண்டியின் பின்புறத்தால் சுற்றிலும் மெல்லத் தட்டி, ஒரு நிமிடம் விட்டு, மேல் பாதியை நேராகத் தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் உருண்டையும் கூட வரும். பிறகு உள்ளங்கையில் கவிழ்த்து மற்ற பாதியையும் எடுத்து, மடித்த மெத்தென்ற துணியின் மேல் வையுங்கள். கடினமான தட்டில் வைத்தால் அடி தட்டையாகும்.

கலவை காத்திருக்காது. ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருக்கும், மூன்றாவது உருண்டைக்குள் காய்ந்துபோனால் இன்னொரு ஸ்பிரே. பாத்திரத்தின் மேல் உலர்ந்த துணி போட்டு வைத்தால் கொஞ்சம் தாமதமாகும். ஒவ்வொரு உருண்டைக்குப் பிறகும் அச்சின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள், ஒட்டியிருக்கும் மெல்லிய படலமே அடுத்ததைப் பிடித்து இழுக்கும்.

உலர 24 முதல் 48 மணி நேரம். நடுவில் ஒரு தடவை திருப்பி வையுங்கள். அவசரப்பட்டு ஓவனில் வைக்காதீர்கள். சமையல் சோடா 50 டிகிரிக்கு மேல் மெல்லச் சிதையத் தொடங்கும், 80ஐத் தாண்டினால் வேகம் கூடும். சிதைந்தால் வருவது சலவைச் சோடா, வாயு, மீண்டும் தண்ணீர். ஃபிரிட்ஜும் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் படியும், கண்ணாடி டம்ளர் வியர்ப்பது போல.

முழுதாகக் காய்வதற்கு முன் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி வைப்பது ஆபத்தும்கூட. உள்ளே வினை நடந்தால் வாயு அழுத்தம் ஏறும். இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். உறை மறுநாள் பலூன் போல் உப்பியிருந்தால் இன்னும் காயவில்லை, பிரித்து வெளியே வையுங்கள். குளியலறையில் அழகுக்காகத் திறந்து வைத்தால் நீராவியில் ஒரு வாரத்தில் வீணாகும்.

வாசனைக்கு வருகிறேன், கேட்டதில் பாதி அதுதான். மேலே சொன்ன 7 கிராம் என்பது மொத்த எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எசென்ஷியல் ஆயிலுக்கு இதற்கு மேல் போக வேண்டியதில்லை. இயற்கையானது என்பதால் தாராளமாக ஊற்றலாம் என்ற நினைப்பு தவறு. இலவங்கப்பட்டை, கிராம்பு, ஓமவல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஓரிகனோ, தைம் இவற்றின் எண்ணெய்கள் வெந்நீரில் ஊறிய தோலைச் சிவக்க வைத்துவிடும், இவற்றைத் தவிருங்கள். எலுமிச்சம்புல்லைக் குறைவாகப் போடுங்கள். புதினா எண்ணெய் இரண்டு மூன்று துளிக்கு மேல் போனால் வெந்நீரில் உட்கார்ந்தே குளிரில் நடுங்க நேரும். குளிர்முறையில் பிழிந்த பெர்கமாட், லைம் எண்ணெய்களில் இருக்கும் பெர்காப்டென் தோலில் தங்கி வெயில் பட்டால் புண்ணாக்கக் கூடியது, பெர்காப்டென் நீக்கிய பெர்கமாட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஃபிராக்ரன்ஸ் ஆயில் என்றால் அதற்கான இஃப்ரா சான்றிதழை விற்பவரிடம் கேளுங்கள். இஃப்ரா என்பது 1973 முதல் இயங்கும் சர்வதேச வாசனைப் பொருள் கூட்டமைப்பு. குளியல் நீரில் சேர்ப்பவை அதில் 9ஆம் பிரிவில் வரும், அந்த வரியில் போட்டிருக்கும் சதவீதமே உச்சவரம்பு. மெழுகுவர்த்திக்கென்று விற்கும் வாசனையை இதில் போடாதீர்கள்.

பத்து நாளில் வாசனை போவதற்குக் காரணம் நீங்கள் எடுத்த எண்ணெயின் இயல்பு. ஆரஞ்சு, எலுமிச்சை, யூகலிப்டஸ் எல்லாம் சட்டென்று ஆவியாகும். அவற்றை மட்டும் நம்பிச் செய்தால் உருண்டை காயும் இரண்டு நாளிலேயே கணிசமாகப் போய்விடும். நிலைத்து நிற்கும் கனமான வாசனை ஒன்று அடியில் இருக்க வேண்டும்: வெட்டிவேர், பச்சோலி, சந்தனம், சாம்பிராணி வகைப் பிசின்கள். 7 கிராமில் ஆரஞ்சு 3, லாவெண்டர் 2.5, பச்சோலி 1.5 என்று பிரித்துப் பாருங்கள், ஒரு மாதம் கழித்தும் மணக்கும், ஆரஞ்சின் கூர்மை மட்டும் குறைந்திருக்கும். வாசனையைக் கயோலினோடு முதலில் தேய்த்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு மற்ற மாவோடு கலந்தாலும் நன்றாக நிற்கும். பாலிசார்பேட்டை எண்ணெயோடு கலந்து ஊற்றினால் போதும்.

வெனிலா சார்ந்த வாசனைகளில் இருக்கும் வெனிலின் வெள்ளை உருண்டையை நாள்போக்கில் பழுப்பாக்கும். கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், நிறம் மட்டும்தான் மாறும்.

பாலிசார்பேட் 80 எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மேலே படலமாக மிதக்கும். வாசனை எண்ணெயும் அப்படித்தான், கலக்காத எசென்ஷியல் ஆயில் நேராகத் தோலில் வந்து ஒட்டி எரிச்சல் தரும். பாலிசார்பேட் அதைப் பொடித் துளிகளாக்கித் தண்ணீரில் பரப்பும், தொட்டியில் எண்ணெய் வளையம் படியாது, வழுக்கலும் குறையும். எண்ணெய் எவ்வளவோ அதே எடை போதும். அதிகமானால் அதுவே ஈரத்தை இழுத்து உருண்டையைப் பிசுபிசுப்பாக்கும்.

நிறம் அவசியமில்லை. வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் உலர் நிறத்தூளோ மைக்கா என்ற மினுக்குத் தூளோ எடுங்கள், மைக்கா 3 கிராம் போதும். சமையலுக்கான திரவ நிறம் கூடாது, அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். பூவிதழ் பார்க்க அழகு, வடிகால் குழாய்க்குப் பகை.

இனி, கெட்டுப்போன உருண்டையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது. விரிசல் இரண்டு விதம், மருந்தும் இரண்டு விதம். விரிசலின் ஓரம் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு, உருண்டை முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தால் ஈரம் கூடியிருக்கிறது, உள்ளிருந்து வாயு தள்ளுகிறது. அடுத்த முறை ஸ்பிரேயைக் குறையுங்கள், காயவைக்கும் அறையைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, விரலால் தடவினால் மாவு கொட்டுமானால் காய்வு. இரண்டு மூன்று ஸ்பிரே கூடுதலாகவோ, எண்ணெயில் 3 கிராம் கூடுதலாகவோ போடுங்கள். இந்தக் காய்வுக்குத் திரவ எண்ணெயைவிடக் கோகோ பட்டர் நல்ல மருந்து, ஆறியதும் உறைந்து தூளைக் கட்டிப் பிடிக்கும். காற்று மிக வறண்ட இடங்களில் ஆல்கஹால் ஒட்டவைப்பதற்கு முன்பே பறந்துவிடும். அங்கே மட்டும் ஆல்கஹாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து அடிக்கலாம்.

மேற்பரப்பில் பரு பருவாக எழுந்தால் ஸ்பிரேயின் பெரிய துளி ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது, அல்லது சோடாக் கட்டி சலிபடவில்லை. அச்சில் ஒட்டினால் பெரும்பாலும் ஈரம், சில சமயம் அச்சின் உள்ளே கீறல். இரண்டு பாதியாகக் கழன்றால் உள்ளே அமுக்கியிருக்கிறீர்கள். இரண்டு நாளாகியும் மென்மையாக இருந்தால் எண்ணெய் அதிகம். பார்க்க நன்றாக இருந்தும் தண்ணீரில் சோம்பலாகக் கரைந்தால், ஒன்று எண்ணெய் கூடிவிட்டது, அல்லது காயும்போதே மெல்ல வினைபுரிந்து தீர்ந்துவிட்டது. இரண்டாவதென்றால் உருண்டை கையில் வழக்கத்தைவிட லேசாக, துளைத் துளையாக இருக்கும்.

மிதக்கவில்லை என்ற குறையும் அடிக்கடி வருவது. இதற்குத் தராசு ஒன்றே பதில் சொல்லும். 6 சென்டிமீட்டர் உருண்டையின் கனஅளவு 113 மில்லிலிட்டர். எடை 113 கிராமுக்குக் கீழ் இருந்தால் மிதக்கும், 125 என்றால் மூழ்கி, வாயு ஒட்டிய பிறகு மெல்ல எழும். மிதக்க வேண்டுமென்றால் இறுக்கிப் போடாமல், ஸ்டார்ச்சை 20 கிராம் கூட்டுங்கள். மெத்தென்ற நுரை வேண்டுபவர்கள் எஸ்எல்எஸ்ஏ என்ற நுரைத்தூளை 20 கிராம் சேர்ப்பார்கள். அதன் தூசி தும்மலும் தொண்டை எரிச்சலும் தரும், முகக்கவசம் இல்லாமல் பொட்டலத்தைத் திறக்காதீர்கள்.

பயன்படுத்தும்போது தொட்டி நிரம்பிய பிறகே போடுங்கள், ஓடும் குழாயின் கீழ் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 37 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பில் மூன்று நாலு நிமிடம் நுரைக்கும். தொட்டி இல்லாதவர்கள் இதே கலவையை 30 கிராம் வில்லைகளாக அழுத்தி, கால் ஊறவைக்கும் தொட்டியில் போடலாம். எண்ணெய் இருப்பதால் தரை வழுக்கும், வெளியே கால் வைக்கும் இடத்தில் துணி போட்டு, தொட்டியை உடனே வெந்நீர் விட்டுக் கழுவுங்கள். புண், தோல் அழற்சி, சிறுநீர்த்தொற்று இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும், கர்ப்பிணிகள் வாசனை எண்ணெய் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு வாசனை இல்லாமலே செய்யுங்கள், மிட்டாய் போல் தெரிவதால் எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை இருக்கும் வீட்டில் தேயிலை மர எண்ணெயைத் தொடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

உடைந்ததையும் பிளந்ததையும் கொட்டிவிட வேண்டாம். கையால் நொறுக்கி, ஒரு நாள் காற்றாடப் பரப்பிக் காயவைத்து, தளர மூடிய ஜாடியில் போட்டு வையுங்கள். குளிக்கும்போது நாலு மேசைக்கரண்டி தூவினால் நுரையும் வாசனையும் அப்படியே வரும், உருண்டை வடிவம் மட்டும் இருக்காது. மீண்டும் பிசறி அச்சில் அழுத்தினால் தேறாது: ஏற்கெனவே உண்டான சோடியம் சிட்ரேட் ஒட்டாது, இரண்டாம் முறை அடிக்கும் ஸ்பிரேயில் மிச்சமிருக்கும் அமிலமும் போய்விடும்.